அத்தியாயம் 6: வாய் நிற்கணும், உடையக் கூடாது

பண்ருட்டிப் பலாக்கடைக்காரர் ஆனாலும் சரி, கரும்பு வெட்டுக்குப் போகிறவர் ஆனாலும் சரி, கத்திக்குச் சொல்லிவைக்கும்போது கேட்பது இதைத்தான்: "வாய் நிக்கணும், உடையக் கூடாது." ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. வாய் நிற்க வேண்டுமானால் உருக்கு கடினமாக இருக்க வேண்டும். கடினமான உருக்கு அடி தாங்காது, தெறித்துவிடும். அடி தாங்கட்டும் என்று பதத்தை இறக்கினால் வாய் மடங்கும். கத்தி முழுவதற்கும் ஒரே பதம் என்று பிடிவாதம் பிடித்தால் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். வாய்க்கு ஒரு பதம், முதுகுக்கு ஒரு பதம் என்று பிரித்துக் கொடுத்தால் இரண்டுமே கிடைக்கும்.

நெய்வேலிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. இங்கே 1957இல் சுரங்கம் வெட்டத் தொடங்கி, 1961இல்தான் பழுப்பு நிலக்கரி வெளியே தெரிந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் மேல்மண்ணோடு மல்லுக்கட்டியதில் போயிற்று. அந்த மேல்மண்ணில் கடலூர் மணற்கல் என்கிற இறுகிய கல் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வந்த வாளிச் சக்கர இயந்திரங்களின் பற்களை அது தேய்த்துத் தள்ளியது. பல் முழுவதையும் கடினமாகச் செய்தால் முதல் மோதலிலேயே முறியும். அதனால் உடலை அடி தாங்கும் உருக்கில் செய்து, மண்ணை உரசும் முகத்தில் மட்டும் கடினமான உலோகத்தை வெல்டிங்கில் ஏற்றுகிறார்கள். 1,400 லிட்டர் வாளிக்கும் அரை முழக் கத்திக்கும் கணக்கு ஒன்றே. உரசும் இடத்தில் கடினம், தாங்கும் இடத்தில் இளக்கம். கத்தியில் வெல்டிங் கிடையாது என்பதால் ஒரே உருக்குத் துண்டிலிருந்து அந்த இரண்டையும் சூட்டாலும் குளிர்ச்சியாலும் வாங்க வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன

உருக்கைச் செந்நிறத்துக்கு மேல் காய்ச்சினால் அதிலுள்ள கார்பன் இரும்புக்குள் கரைந்துவிடும். அந்த நிலையில் சட்டென்று குளிர்த்தால் கார்பன் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இறுக்கமும் இழுவிசையும் நிறைந்த அந்த அமைப்புக்கு மார்ட்டன்சைட் என்று பெயர். அதுதான் கடினம். மெதுவாகக் குளிர்ந்தால் கார்பன் சாவகாசமாகப் பிரிந்து, பெர்லைட் என்னும் மெல்லடுக்காக அமையும். அதுதான் இளக்கம். ஆகவே வாய் சட்டென்றும் முதுகு மெதுவாகவும் குளிரும்படி செய்தால் போதும். காய்ந்த உருக்கை முக்கிக் குளிரவைக்கும் தோய்ச்சலில் செய்யும் வேலையெல்லாம் குளிரும் வேகத்தைப் பங்கு பிரிப்பதுதான்.

எந்த உருக்கு

நம் பக்கத்துப் பட்டறைகளில் பெரும்பாலும் லாரி ஸ்பிரிங் பட்டைதான். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியில் பேர்பெற்ற அரிவாள்களும் அதில்தான் அடிக்கப்படுகின்றன. பட்டையில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம். கூடவே குரோமியமோ சிலிக்கனோ கலந்திருக்கும். இந்தக் கலப்பால் எண்ணெயிலேயே நன்றாக இறுகும், அடியும் தாங்கும். முதல் கத்தி செய்பவர் இதிலேயே தொடங்குவது நல்லது. முறிந்த பட்டையை வாங்கினால் முறிந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி வெட்டி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அங்கேதான் ஓடியிருக்கும். தோய்ச்சலில் அது வாய் பிளக்கும்.

பழைய அரத்தில் கார்பன் 1 சதவீதத்துக்கும் மேல். வாய் அருமையாக நிற்கும், ஆனால் கை தவறினால் வெடிக்கும். மலிவான அரங்களில் சில மேல்தோல் மட்டும் கடினமானவை, உள்ளே வெறும் இரும்பு. பேரிங் வளையமும் நல்ல உருக்குதான், ஆனால் அடித்து நீட்டவே பாதி நாள் போய்விடும்.

எதுவாக இருந்தாலும் முதலில் ஒரு சிறு துண்டை வெட்டிக் காய்ச்சி, எண்ணெயில் போட்டு, ஆறியதும் வைஸில் பிடித்து முறித்துப் பாருங்கள். வளைந்தால் கத்திக்கு உதவாது. முறிந்த முகம் சாம்பல் நிறத்தில் நெருக்கமாக இருந்தால் சூடு சரி. ரவை மாதிரிப் பொறுபொறுவென்று மின்னினால் அதிகமாகக் காய்ச்சிவிட்டீர்கள். அந்தத் துண்டை உலைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் அளவுகோல்.

பழைய இரும்பு எங்கே வாங்கினோம் என்பதும் முக்கியம். வடலூர், பண்ருட்டி, மந்தாரக்குப்பம் சாலையோரங்களில் லாரி வேலை நடக்கும் இடங்களில் கேட்டால் பட்டை கிடைக்கும். "சுரங்கத்து இரும்பு" என்று யாராவது சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தால் வாங்காதீர்கள். அது யாருடைய சொத்து என்பது ஒருபுறம் இருக்க, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத உருக்கில் தோய்ச்சல் போடுவது வீண் உழைப்பு.

காலடியில் கிடக்கும் கரி உதவாது

நெய்வேலியில் பட்டறை வைப்பவருக்கு முதலில் வரும் ஆசை, ஊர்க் கரியையே உலைக்குப் போட்டால் என்ன என்பது. வேண்டாம். வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். எரிகிற சூட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை விரட்டவே போய்விடும். காயவைத்தாலோ பொடிப்பொடியாக உதிர்ந்து காற்று வழியை அடைக்கும். குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கவும் செய்யும். புகையும் கந்தகமும் வேறு. அனல்மின் நிலையத்தில் அதை மாவாக அரைத்துக் கொதிகலனுக்குள் ஊதி எரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் அதையே கட்டியாக அழுத்திச் சுட்டு 'லெகோ' என்று அடுப்புக்கரியாக விற்றார்கள். பழைய குடியிருப்பு வீடுகளில் அந்தப் பெயர் இன்னும் நினைவிருக்கும். அந்த ஆலை மூடப்பட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

மரக்கரிதான் சரி. சவுக்குக் கரி அல்லது வேலிக்காத்தான் கரி, நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துச் சலித்தது. பழைய தென்னார்க்காட்டுக்கு இதில் நீண்ட பழக்கம் உண்டு. மேல்சிறுவலூரில் மூசையில் உருக்கு காய்ச்சியதற்கான தடயங்களை 1990களில் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து எழுதினார். இரும்புக்குள் கார்பனை ஏற்றி வூட்ஸ் உருக்காக்கிய தொழில் அது. 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பாலையும் மரக்கரியை நம்பித்தான் ஓடியது. மரக்கரியில் கந்தகம் இல்லை, சாம்பல் குறைவு, தணல் சீராக இருக்கும். வீட்டு கேஸ் சிலிண்டரைப் பட்டறைக்கு இழுத்து வராதீர்கள். அது சட்டப்படி குற்றம்.

உலையைக் குழியாகப் போடாமல் தொட்டியாகப் போடுங்கள். கத்தியின் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாயைப் பதித்து, அதில் இரண்டு விரல் இடைவெளியில் துளைகள் போட்டு, ஒரு முனையில் புளோயரை மாட்டினால் நீளவாக்கில் ஒரே சீரான தணல் கிடைக்கும். ஒரு புள்ளியில் மட்டும் ஊதும் துருத்தியில் நீளக் கத்தியை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கைப்பழக்கம் உள்ளவருக்கு அது பெரிதில்லை, புதியவருக்கு நுனி கருகிவிடும்.

காய்ச்சுவதற்கு முன்

துளைகளைத் துளைத்து, வடிவத்தைத் தேய்த்து முடித்துவிடுங்கள். வாயை மட்டும் தீட்டாமல் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் விட்டுவைக்க வேண்டும். மெல்லிய வாய் மற்ற இடத்துக்கு முன்னால் காய்ந்து கருகும், தோய்ச்சலில் வெடிக்கும். கூரான உள்மூலைகளை உருட்டிவிடுங்கள். வாயிலிருந்து முதுகு நோக்கிக் குறுக்கே ஓடும் ஆழமான கிரைண்டர் கீறல் எதுவும் இருக்கக் கூடாது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

அடுத்து, அடித்த உருக்கின் களைப்பைப் போக்க வேண்டும். தோய்ச்சல் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலாகக் காய்ச்சி, காற்றாடாத இடத்தில் கறுக்கும் வரை தானாக ஆறவிடுங்கள். மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சூட்டைக் கொஞ்சம் குறைத்து. பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை தோய்ச்சலில் கோணிக்கொள்ளும் கத்திகளில் பெரும்பாலானவை இந்த வேலையைத் தாண்டியவைதான்.

சூட்டைக் கண்டுபிடிப்பது

வெயிலில் நின்று உருக்கின் நிறம் பார்க்காதீர்கள். நம் சித்திரை வெயிலில் நன்றாகக் காய்ந்த உருக்குகூட மங்கலாகத்தான் தெரியும். இன்னும் ஊது ஊது என்று ஊதிக் கெடுத்துவிடுவோம். விடிவதற்கு முன் அல்லது பொழுது சாய்ந்தபின், கூரைக்கு அடியில் வேலை செய்யுங்கள்.

காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஏறக்குறைய 770 டிகிரியில் உருக்கு காந்தத்தை விட்டுவிடும். ஆனால் அங்கேயே நிறுத்திவிட்டால் போதாது. அரத்து உருக்குக்கு 790, 800 டிகிரி வரையும், ஸ்பிரிங் பட்டைக்கு 830 வரையும் போக வேண்டும். இடையில் ஒரு குறி வேண்டுமானால் சமையல் உப்பைத் தூவிப் பாருங்கள். உப்பு 801 டிகிரியில் உருகும். உருக்கின் மேல் அது கரைந்து பளபளவென்று படர்ந்தால் அந்தப் புள்ளியைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

இதைவிட நல்ல குறி ஒன்று உருக்குக்குள்ளேயே இருக்கிறது. இருட்டில் கவனித்தால், சிவந்த உருக்குக்குள் ஒரு நிழல் ஓடுவது தெரியும். சூடு ஏறும்போது சில இடங்கள் கறுத்து, பிறகு சுற்றியுள்ளவற்றோடு சேர்ந்து பிரகாசமாகும். உள்ளமைப்பு மாறும்போது உருக்கு சூட்டை விழுங்குவதால் வரும் நிழல் அது. வாய் நெடுக அந்த நிழல் மறைந்தபின் சற்று நேரம் அதே சூட்டில் பிடித்திருந்தால் கத்தி தயார். ஒரு முறை இதைக் கண் பிடித்துவிட்டால் பிறகு காந்தம் தேவைப்படாது.

வாயை மட்டும் தோய்ப்பது

இளக்கமும் கடினமும் பிரிக்கப் பல வழிகள் உண்டு. நேபாளத்தில் குக்ரி அடிப்பவர்கள் காய்ந்த கத்தியின் வாய் நெடுகக் கெட்டிலிலிருந்து தண்ணீரை ஊற்றுவார்கள். கை அசைவில்தான் அங்கே எல்லாம் இருக்கிறது. ஜப்பானில் முதுகுக்குக் களிமண் பூசித் தண்ணீரில் தோய்ப்பார்கள். நம் வேலைக்கு, ஸ்பிரிங் பட்டைக்கு, எண்ணெயில் வாயை மட்டும் தோய்ப்பதே சிறந்தது.

கத்தியைவிட நீளமான இரும்புத் தட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பக்கமே போகக் கூடாது. ஐந்து லிட்டருக்குக் குறையாமல் கடலை எண்ணெய் அல்லது தவிட்டெண்ணெய் ஊற்றுங்கள். பழைய இன்ஜின் ஆயில் ஓசியில் கிடைக்கும், ஆனால் அதன் புகை நுரையீரலுக்குக் கேடு. டீசல், மண்ணெண்ணெய் இரண்டும் தீயை வரவழைப்பவை. எண்ணெயை 50, 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். இளஞ்சூட்டு எண்ணெய் இளகி ஓடுவதால், குளிர்ந்த எண்ணெயைவிட வேகமாகச் சூட்டை இழுக்கும். கோடையில் நெய்வேலி வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தட்டின் அடியில் மழைத்தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் சூடான இரும்பை இறக்காதீர்கள். அடியில் நிற்கும் கையளவு தண்ணீர் ஆவியாகிக் கொதிக்கும் எண்ணெயை உங்கள் முகத்தில் வீசும்.

தட்டுக்குள் ஒரு பட்டையைக் கிடத்துங்கள். கத்தியின் வாய் அதன்மேல் உட்கார்ந்தால், எண்ணெய் மட்டம் வாயிலிருந்து எவ்வளவு உயரம் வர வேண்டுமோ அவ்வளவுக்குச் சரிசெய்யுங்கள். நாலு சென்டிமீட்டர் அகலக் கத்திக்கு 12 மில்லிமீட்டர் போதும். கடினமாகும் பட்டை அதைவிடச் சற்றுக் குறைவாகவே அமையும்.

காய்ந்த கத்தியை உலையிலிருந்து தட்டுக்கு ஓரிரு நொடியில் கொண்டுவந்துவிட வேண்டும். ஆகவே தட்டு உலைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். வாயை நேராக இறக்கி, அறுப்பதுபோல் முன்னும் பின்னும் அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் கோணிவிடும். வளைந்த வாயானால் நுனிக்கும் அடிக்கும் மாறி மாறிச் சாயுங்கள். எண்ணெய்க்கு மேலே நிற்கும் முதுகு இன்னும் சிவந்திருப்பதால் தீ பிடிக்கும். பதறாமல் இருங்கள், தட்டை மூடும் தகடு கையெட்டும் தூரத்தில் இருந்தால் போதும். முதுகின் சிவப்பு முழுவதும் கறுத்தபின் கத்தியை முழுவதுமாக எண்ணெயில் அமிழ்த்துங்கள். காம்பைக் கடினமாக்க வேண்டியதில்லை.

வெளியே எடுத்ததும் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கோணல் இருந்தால் தடித்த கையுறையோடு நிமிர்த்தச் சில நொடிகள் கிடைக்கும். முழுவதும் ஆறியபின் நிமிர்த்தினால் முறியும். பிறகு பழைய அரத்தால் வாயைத் தேய்த்துப் பாருங்கள், கண்ணாடியில் தேய்த்ததுபோல் வழுக்க வேண்டும். முதுகில் அரம் கடிக்க வேண்டும். வாயில் கடித்தால் மேல்தோலில் கார்பன் எரிந்துபோயிருக்கலாம். லேசாகத் தேய்த்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் கடித்தால் மூன்று முறை காய்ச்சி ஆறவிடுவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

களிமண் முறை பற்றி

படங்களைப் பார்த்துவிட்டு, அலையலையாக ஓடும் அந்த வெள்ளைக்கோடு வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் உண்டு. ஸ்பிரிங் பட்டையில் அது சரியாக வராது. அதன் கலப்பு உருக்கை ஆழமாக இறுகச் செய்வதால் மண்ணுக்கு அடியிலும் கடினமாகிவிடும். அரத்து உருக்கு போன்ற வெறும் கார்பன் உருக்கில்தான் கோடு விழும். களிமண், கரித்தூள், சலித்த செங்கல் பொடி மூன்றும் சமமாகக் குழைத்து முதுகுக்கு மூன்று மில்லிமீட்டர் பூசி நன்றாகக் காயவிடுங்கள். விருத்தாசலம் பீங்கான் வேலைக்குப் போகும் வெள்ளை மண் ஆனாலும் தனியாகப் பூசினால் வெடித்து உதிரும். தண்ணீரில் தோய்த்தால் கோடு அழகாக இருக்கும், வெடிக்கவும் வெடிக்கும். எண்ணெயில் ஆபத்து குறைவு, கோடும் மங்கல். அழகுக்குக் கத்தி செய்பவர் இதைப் பழகலாம். சம்பளத்துக்கு வெட்டுபவருக்குக் கொடுக்கும் கத்தியில் இந்த வேலை தேவையில்லை என்பது என் கருத்து.

கடினத்தைத் தணிப்பது

தோய்த்த வாய் இப்போது மிகக் கடினம். கீழே விழுந்தாலே உடையும். கை பொறுக்கும் சூடு வந்ததும் தாமதிக்காமல், மிதமான சூட்டில் மறுபடி வைத்து அந்தக் கடினத்தைக் கொஞ்சம் தணிக்க வேண்டும். இரவு விட்டுவைத்து, காலையில் விரிசலோடு எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டு மின் அடுப்பு போதும், ஆனால் அதன் திருகில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். தனியாக ஒரு வெப்பமானி வாங்கி உள்ளே வையுங்கள். மணல் நிரப்பிய தட்டில் கத்தியைப் புதைத்தால் சூடு ஏறி இறங்காது. 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு, மறுபடி இரண்டு மணி நேரம். ஸ்பிரிங் பட்டை வாய் ராக்வெல் கடின அளவில் 57, 58க்கு வந்து நிற்கும்.

அடுப்பு இல்லாத பட்டறையில் பழைய வழி உண்டு. வாயைத் தோய்த்ததும் முதுகில் சூடு மிச்சமிருக்கும்போதே எடுத்து, உடைந்த சாணைக்கல் துண்டால் வாயைப் பளிச்சென்று தேய்த்தால், முதுகின் சூடு வாய்க்கு இறங்கி வரும்போது நிறங்கள் ஓடும். முதலில் வெளிர் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். வேண்டிய நிறம் வாயைத் தொட்ட கணம் முழுக்கத் தண்ணீரில் விடுவார்கள். வேகமான வழி, பழகிய கண்ணுக்கு மட்டும். சூடு சில நொடிகளே நிற்பதால் அடுப்பில் வைத்த அளவுக்குச் சீராக வராது.

எந்த நிறத்தில் நிறுத்துவது என்பது கத்தி செய்யப்போகும் வேலையைப் பொறுத்தது. அரிவாள்மனைக்கு மோதல் கிடையாது, காய்தான் வாய்க்கு வருகிறது. வெளிர் வைக்கோலிலேயே, சுமார் 205 டிகிரியில், நிறுத்திவிடலாம். பலா வெட்டும் கத்தி தோலையும் நடுத்தண்டையும் ஓங்கி வெட்டும், 220 டிகிரி. கரும்பு வெட்டும் கத்திதான் பாவம். நிலத்தோடு ஒட்டி வெட்டினால்தான் எடை கிடைக்கும் என்பதால் வீச்சுக்கு வீச்சு மண்ணிலும் கல்லிலும் படும். நம் செம்மண்ணில் மணல்துகள் அதிகம். அதற்குப் பழுப்பு நிறம் வரை, 250 டிகிரி போகலாம். வாய் கொஞ்சம் சீக்கிரம் மழுங்கும், ஆனால் தெறிக்காது. மழுங்கிய வாயை வயலிலேயே தீட்டிக்கொள்ளலாம். முந்திரிக் கிளை கழிக்கும் அரிவாளுக்கும் இதுவே கணக்கு.

சோதனை

தீட்டியபின் ஆறு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி ஒன்றைக் கிடத்தி, தீட்டிய சாய்விலேயே வாயை அதன்மேல் அழுத்தி இழுங்கள். வாய் மெல்ல வளைந்து, கம்பியை விட்டதும் நேராக வந்தால் பதம் சரி. வளைந்தே நின்றால் இளக்கம். தோய்ச்சலை மறுபடி போட வேண்டும். பொடியாக உதிர்ந்தால் கடினம் அதிகம். 15 டிகிரி கூட்டி மறுபடி தணித்தால் சரியாகிவிடும். கத்தியை மெருகேற்றி எலுமிச்சைச் சாறு தடவினால் கடினமான பட்டையும் இளகிய முதுகும் வேறு வேறு நிறத்தில் தெரியும். கோடு எங்காவது வாய்க்கு இறங்கி வந்திருந்தால் அந்த இடம் முதலில் மழுங்கும்.

தீட்டும்போது சக்கரத்தில் வாய் நீலமானால் அந்த இடத்தில் உங்கள் உழைப்பு முழுவதும் போயிற்று. ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் தொட்டுக்கொள்ளுங்கள். சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுப்பவர்களுக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை, அரிவாள், கத்தி செய்பவர்களும் விற்பவர்களும் வாங்குபவரின் விவரத்தைக் குறித்து வைக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. ஒரு நோட்டில் பெயர், ஊர், எந்த வேலைக்கு என்று எழுதுங்கள். அதே வரியில் உருக்கு எது, எத்தனை டிகிரியில் தணித்தது, கடினப்பட்டை எத்தனை மில்லிமீட்டர் என்றும் எழுதிவிடுங்கள். தீட்டித் தீட்டி அந்தப் பட்டை தேய்ந்து முடிந்ததும் கத்தி திடீரென்று மழுங்கத் தொடங்கும். வாங்கியவர் உருக்கு மோசம் என்று திரும்பி வருவார். உருக்கில் குறை இல்லை. பிடியைக் கழற்றிவிட்டு, ஆற்றுவதிலிருந்து தொடங்கி மறுபடி தோய்ச்சல் போட்டால் மீதி அகலத்துக்கு அந்தக் கத்தி பழையபடி வெட்டும். இதை விற்கும்போதே வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.